வழி சமைத்தவர்கள்

தமிழின் புறத்திணை மரபு போரை நுணுகி நோக்கி வகுத்த மரபாகும். ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலை, ஆநிரை கவர்தலை வெட்சி எனவும், மீட்டலை கரந்தை எனவும், மண் கருதிச் செல்லுதலை வஞ்சி எனவும், மதிலை வளைத்தலை உழிஞை எனவும், அதனைக் காத்தலை நொச்சி எனவும் பகுத்துரைக்கிறது. உழிஞைக்குள்ளும் அகழியிடத்துப் பொருதலைப் பாசிநிலை என்றும், மதிலின்மேல் ஏணி சார்த்தி ஏறுதலை ஏணிநிலை என்றும் தனித்தனித் துறைகளாக்கிப் பேசுகிறது. இவ்வளவு நுட்பமாக வகுத்த இலக்கணம் ஒரு வினாவை மட்டும் எழுப்பாமலே விட்டுவிட்டது. அந்த ஏணியைச் செய்து சுமந்து வந்தவர் யார்? அகழியைத் தூர்த்தவர் யார்? யானையும் தேரும் செல்லக் காட்டை வெட்டித் திருத்தியவர் யார்? மதிலேறிய மறவனுக்குத் துறை உண்டு; ஏணி சுமந்தவனுக்குத் துறை இல்லை.

பழம்போர்களில் பெயரின்றி மறைந்த இத்தொழிலாளர்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தனிப்படையாகவும் பட்டியலில் இடம்பெற்ற வீரர்களாகவும் தமிழ்மண்ணிலேயே உருப்பெற்றனர். இன்று மதராஸ் பொறியியல் படைப்பிரிவு என வழங்கும் மதராஸ் சேப்பர்ஸ் அப்படையே ஆகும். இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அதன் வரலாற்றைத் தமிழில் எழுதியவர் மிகச் சிலர். போர்வரலாறு வழியே சென்றவரைப் பேசுகிறது, வழி சமைத்தவரைப் பேசுவதில்லை என்னும் குறையைச் சுட்டுவதும், இயன்ற அளவில் அவர்தம் பட்டறிவை எடுத்துரைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் சொல்லும் செய்தி

சொல்லின் வேர் சில வேளைகளில் வரலாற்றின் வேரையும் காட்டிவிடும். இப்படைக்கு முதலில் இடப்பட்ட பெயர் மதராஸ் பயனியர்ஸ் என்பது. பயனியர் என்றால் இன்று நாம் முன்னோடி என மொழிபெயர்த்துப் பெருமை கொள்கிறோம். ஆனால் அச்சொல் பழைய பிரெஞ்சு மொழியில் காலாள் என்னும் எளிய பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. நம் அலுவலகங்களில் கோப்புகளைச் சுமந்து திரியும் பியூன் என்பவரின் பெயரும் அதே வேரினின்று கிளைத்ததே. முன்னோடியும் ஏவலாளும் ஒரே தாயின் மக்கள் என்பது எண்ணி இன்புறத்தக்கது. எண்ணி வருந்தவும் தக்கது.

சேப்பர் என்பதும் அவ்வாறே. மண்வெட்டியையும், மண்ணை வெட்டி மதிலின் அடிவரை நெருங்கும் அகழையும் குறித்த பழைய ஐரோப்பியச் சொல்லிலிருந்து அது வந்தது. மைனர் என்பவர் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைப்பவர். வாளோ வேலோ வில்லோ தராத பெயரை மண்வெட்டி தந்திருக்கிறது. படைகள் பலவும் தாம் ஏந்திய கருவியாலும் ஏறிய ஊர்தியாலும் பெயர் பெற்றிருக்க, உழவன் ஏந்தும் கருவியால் பெயர் பெற்றது இப்படை.

தோற்றமும் முதற்போர்களும்

1780ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சென்னைப் படையில் இரண்டு பயனியர் கம்பெனிகள் அமைக்கப்பட்டன. அவற்றை உருவாக்கும் பொறுப்பை ஏற்றவர் ஜோசப் மூர்ஹவுஸ் என்னும் இளம் அதிகாரி. ஐதர் அலியின் படைகள் கர்நாடகச் சமவெளியில் புகுந்திருந்த காலம் அது. படை நகர வேண்டுமெனில் ஆறு கடக்க வேண்டும். பீரங்கி இழுக்கும் மாடுகளுக்கு வழி வேண்டும். முற்றுகைக்கு அகழ் வேண்டும். இவற்றைச் செய்யத் துப்பாக்கி தாங்கும் சிப்பாய் மட்டும் போதாது என்பதைக் கம்பெனியார் இடர்ப்பட்டு உணர்ந்தனர்.

1791இல் காரன்வாலிஸ் பெங்களூரை முற்றுகையிட்டபோது, மார்ச்சுத் திங்கள் 7ஆம் நாள் நகரின் பேட்டை வாயிலை உடைக்கும் முயற்சியில் மூர்ஹவுஸ் கொல்லப்பட்டார். அப்போது அவர் பீரங்கிப் படையில் உயர்பதவி வகித்தவர். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்தில் அவருக்குச் சலவைக்கல் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த போரிலும் அகழ் வெட்டியும் ஏணி சுமந்தும் பயனியர்கள் பங்கு கொண்டனர். அவர்கள் பெயர்களைத் தாங்கிய சலவைக்கல் எங்கும் இல்லை.

1831இல் இப்படை மதராஸ் சேப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் எனப் பெயர் மாறியது. பின்னர் தலைமையிடம் பெங்களூருக்குச் சென்றது. இன்றும் அங்கேயே நிலைத்துள்ளது. 1830களின் தொடக்கத்தில் குன்னூர் மலைப்பாதையைச் சமைத்தவர்களும் மதராஸ் பயனியர்களே. உதகைக்குக் கோடையில் ஏறிச் செல்வோர் காலடியில் அவர்கள் உழைப்பு கிடக்கிறது.

காளையார்கோயில் காடு

இப்படையின் வரலாற்றைப் பெருமிதமாக மட்டும் எழுதிவிட முடியாது. 1801ஆம் ஆண்டு நிகழ்ச்சி அதற்குத் தடையாய் நிற்கிறது. மருது சகோதரர்கள் காளையார்கோயிலைச் சூழ்ந்த அடர்காட்டையே அரணாகக் கொண்டு கம்பெனிப் படையை எதிர்த்தனர். காட்டரணைத் தமிழர் பண்டே அறிவர். திருக்குறள் அரண் என்னும் அதிகாரத்தில் அணிநிழற் காட்டையும் அரணின் உறுப்பாக எண்ணுகிறது. அந்த அரணைப் பிளக்க, கர்னல் அக்னியூவின் படை சிறுவயலிலிருந்து காளையார்கோயிலை நோக்கிக் காட்டை வெட்டிப் பாதை அமைக்க முற்பட்டது. பயனியர்களும் மரம் வெட்டுவோரும் பல வாரங்கள் நாள்தோறும் சிறிது சிறிதாக முன்னேறினர். இருபுறமும் புதர்மறைவில் இருந்து துப்பாக்கிச் சூடு வந்துகொண்டே இருந்தது. வெட்டிய இடத்தில் இரவில் மீண்டும் தடை எழுந்தது. ஒரு திங்களுக்கும் சற்று மிகுதியாக நடந்த அம்முயற்சி செப்டம்பர்த் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. பின்பு வேறு வழிகளாற் சூழ்ந்து 1801 அக்டோபர் 1ஆம் நாள் கம்பெனியார் காளையார்கோயிலைக் கைப்பற்றினர். அக்டோபர் 24ஆம் நாள் மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அப்போரை நேரில் கண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி தம் நினைவுக்குறிப்புகளில் காடு வெட்டிய நாள்களை விரிவாகவே எழுதியுள்ளார்.

காட்டுக்குள் இருந்து சுட்டவரும் தமிழர். கோடரியுடன் முன்னே நின்றவர்களுள்ளும் தமிழர் இருந்தனர். கூலிக்காகவும் கம்பெனியார் தந்த நிலையான சம்பளத்திற்காகவும் கருவி ஏந்தியவரைத் துரோகி என ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. பஞ்சமும் நிலமின்மையும் சாதிக்கொடுமையும் அவர்களை எங்குத் தள்ளின என்று கேட்பது அரிது. வழி சமைப்பவன் அவ்வழியே யார் செல்வார் என்பதைத் தீர்மானிப்பதில்லை. இது அவன் தொழிலின் துயரம். அத்துயரத்தை மறைத்துவிட்டு அவன் வீரத்தை மட்டும் பாடினால் அது வரலாறு ஆகாது, மெய்க்கீர்த்தி ஆகிவிடும்.

போர்க்குடி என்னும் பொய்ம்மை

1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயரிடையே ஒரு கொள்கை வேரூன்றியது. இந்தியரிற் சில இனத்தாரே போர்க்குணம் உடையவர்; தென்னாட்டார் போருக்குத் தகுதியற்றோர் என்பது அக்கொள்கை. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும், பின் இந்தியப் படை முழுமைக்கும் தளபதியாகவும் விளங்கிய ராபர்ட்ஸ் பிரபு இதனை வலியுறுத்தியவர்களில் முதன்மையானவர். இதன் விளைவாகச் சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. 1928இல் எஞ்சிய பிரிவும் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின் நெருக்கடியில் 1941இல்தான் மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுந்தது.

இவ்விடைவெளியிலும் கலைக்கப்படாமல் நின்றது மதராஸ் சேப்பர்ஸ். போர்க்குணமில்லாதவர் என ஒதுக்கப்பட்ட அதே மக்களை, எதிரியின் முள்கம்பிக்கும் வெடிக்கும் மிக அருகில் செல்லவேண்டிய பணிக்கு மட்டும் தவிர்க்க முடியவில்லை. தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கிறித்தவர், முஸ்லிம்கள் ஆகியோர் இதில் கலந்து பணியாற்றினர். ஊரில் சேரிக்குள் ஒதுக்கப்பட்ட பறையர் குல இளைஞர் பலருக்குச் சீருடையும் கைத்தொழிலும் எழுத்தறிவும் தந்த இடமாகவும் இப்படை அமைந்தது. தச்சு, கொல்லு, கட்டடம், கயிறு முடிதல், பாலம் கட்டுதல் ஆகியவற்றைக் கற்று ஓய்வு பெற்று வந்தவர்கள் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முற்பட்ட கதை தனியே எழுதத்தக்க சமூக வரலாறு. இப்படையினரை மற்றப் படையினர் அன்போடு தம்பி என்றே அழைப்பர். பஞ்சாபியரும் கூர்க்கரும் வாய்நிறைய வழங்கும் தமிழ்ச்சொற்களுள் அதுவும் ஒன்று.

பெங்களூரில் பிறந்த குழாய்

1912இல் பெங்களூரில் மதராஸ் சேப்பர்ஸில் பணியாற்றிய மெக்ளின்டாக் என்னும் அதிகாரி ஒரு கருவியை அமைத்தார். நீண்ட உலோகக் குழாய்க்குள் வெடிமருந்தை நிரப்பி, அதனை முள்கம்பி வேலியின் அடியில் செலுத்தி வெடிக்கச் செய்தால், வேலி அறுந்து ஆள் செல்லும் வழி உண்டாகும். குழாய்த்துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது பின்னர் வளர்ந்த வசதி. வெடிப்பவனுக்கும் வெடிக்கும் இடத்திற்கும் இடையே சில அடிகளாவது தொலைவு வேண்டும் என்பதே இதன் அடிப்படை. முன்னர் அத்தொலைவு இல்லை. வேலிவரை தவழ்ந்து சென்று கையால் அறுக்க வேண்டியிருந்தது.

பெங்களூர் டார்பிடோ எனப்பட்ட இக்கருவி இரு உலகப்போர்களிலும் பயன்பட்டது. 1944 ஜூன் 6ஆம் நாள் நார்மண்டிக் கடற்கரையில் அமெரிக்கப் படையினர் முள்கம்பியைப் பிளந்ததும் இதனாலேயே. தென்னகத்து நகரம் ஒன்றின் பெயர் உலகப் படைகள் அனைத்தின் அகராதியிலும் நிலைபெற்றதற்கு ஒரு வெடிகுழாயே காரணமாயிற்று.

கண்ணிவெடி நிலம்

இரண்டாம் உலகப்போர் சேப்பர்களின் தொழிலை முற்றிலும் மாற்றியது. முன்பு அவர்களுக்கு எதிரில் நின்றவை மதிலும் அகழியும். அவை கண்ணுக்குத் தெரிபவை. இப்போதோ பகை மண்ணுக்குள் புதைந்தது. 1942இல் எகிப்தின் எல் அலமெயின் போர்க்களத்தில் ஜெர்மானியர் புதைத்த கண்ணிவெடிகள் ஏறத்தாழ ஐந்து இலட்சம். அவற்றைப் பேயின் தோட்டம் என அவர்களே அழைத்தனர்.

கண்ணிவெடி எடுக்கும் முறையைச் சுருங்கச் சொல்லலாம். இரவில், நிலத்தோடு நிலமாகப் படுத்து, துப்பாக்கிமுனைக் கத்தியை மண்ணுள் சாய்வாகச் செலுத்த வேண்டும். நேர்க்குத்தாகச் செலுத்தினால் வெடியின் தலையை அழுத்திவிட நேரும். சாய்வாகச் சென்றால் பக்கவாட்டில் தட்டும். தட்டிய இடத்தில் விரல்களால் மண்ணை விலக்கி, வேறொரு வெடியுடன் கம்பியால் பிணைக்கப்பட்டுள்ளதா எனத் தடவிப் பார்த்து, பின்னரே செயலிழக்கச் செய்ய வேண்டும். போலந்து நாட்டுப் பொறியாளர் கொசாட்ஸ்கி அமைத்த மின்கருவி, வெடியின் உலோகத்தை ஒலியால் காட்டியது. எல் அலமெயினில் அத்தகைய கருவிகள் 500 பயன்பட்டன. மணிக்கு 100 சதுர மீட்டராக இருந்த வேகம் 200 ஆக உயர்ந்தது. ஆனால் கருவி ஏந்துபவன் நின்றே நடக்க வேண்டும். அவன் காதுகள் மூடியிருக்கும். துப்பாக்கிக் குண்டு வருவதை அவன் கேட்க மாட்டான். பின்னர் ஜெர்மானியர் மரப்பெட்டியில் வெடி வைத்தபோது கருவி ஊமையாயிற்று. மீண்டும் கத்தியும் விரலுமே துணையாயின. எடுத்து முடித்த பாதையின் இருமருங்கும் வெள்ளை நாடா விரிக்கப்படும். அந்த நாடாவுக்கு இடையில்தான் டாங்கிகளும் காலாட்களும் செல்வர்.

மற்றப் படைவீரனுக்கும் இவனுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். பிறர் சுடப்பட்டால் திருப்பிச் சுடலாம். இவன் இரு கைகளும் வேலையில் இருக்கின்றன. துப்பாக்கி முதுகில் கிடக்கிறது. சினம் துணைக்கு வராத வீரம் இது. பொறுமையே இதன் படைக்கலம்.

இதற்கு ஒரு சான்றாக, பம்பாய் சேப்பர்ஸைச் சேர்ந்த இரண்டாம் லெப்டினன்ட் பிரேமிந்திர சிங் பகத்தின் செயலை ஈண்டுக் குறிப்பிடலாம். 1941 சனவரி இறுதியில் அபிசீனிய எல்லையில் மெதெம்மா அருகே, முன்னேறும் படைக்கு முன் சென்று நான்கு நாள்களில் 55 மைல் தொலைவில் 15 கண்ணிவெடி நிலங்களைக் கண்டறிந்து நீக்கச் செய்தார். அவர் சென்ற வண்டி இருமுறை வெடியிற் சிக்கியது, உடனிருந்தோர் வீழ்ந்தனர், அவருடைய செவிப்பறை ஒன்று கிழிந்தது. ஓய்வு கொள்ளுமாறு கூறியபோது, இந்நாள்களில் கற்றதனால் இப்பணிக்குத் தாமே கூடுதல் தகுதி பெற்றிருப்பதாகக் கூறி மறுத்துவிட்டார். இரண்டாம் உலகப்போரில் விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்திய அதிகாரி அவர். களைப்பைக் கல்வியாகக் கருதிய அந்த மறுமொழியில் ஒரு தொழிலாளியின் பெருமிதம் ஒலிக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் வட ஆர்க்காட்டுப் பகுதிச் சிற்றூர் ஒன்றில், என் மாணவி ஒருத்தியின் பாட்டனாரைச் சந்தித்தேன். 1971ஆம் ஆண்டுப் போரில் மேற்கெல்லையில் கண்ணிவெடி எடுத்தவர். அச்சமாக இருந்ததில்லையா என்று கேட்டேன். "பயம் இல்லாம இருக்குமாம்மா? ஆனா பயத்தைக் காலோட நிறுத்திக்கணும். கைக்கு ஏற விட்டா போச்சு" என்றார். பிறகு தம் வலக்கையை நீட்டி, களத்துமேட்டில் குவிந்த நெல்லுக்குள் விரல் விடுவதைப் போல மண்ணுக்குள் விரல்விட்ட விதத்தைக் காட்டினார். உழவன் மகனின் விரல்கள் மண்ணை அறிந்த விதமே போர்க்களத்திலும் அவரைக் காத்தது போலும் என எண்ணினேன். அவருடைய பதக்கங்கள் எங்கே என்றதற்கு, வீட்டுக்கூரை மாற்றியபோது எங்கோ போய்விட்டதாக அவர் மனைவி சொன்னார்.

மிக்னானோவில் ஒரு விநாடி

1944ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இத்தாலியின் கசினோ மலையை நோக்கி நேச நாட்டுப் படைகள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. நான்காம் இந்தியப் படைப்பிரிவில் மதராஸ் சேப்பர்ஸின் கம்பெனிகளும் இருந்தன. அப்பிரிவின் பொறியாளர்களும் நியூசிலாந்துப் பொறியாளர்களும் கெய்ரா என்னும் சிற்றூரிலிருந்து மலைச்சரிவில் டாங்கிகள் ஏறத்தக்க பாதை ஒன்றை வெட்டினர். கேவண்டிஷ் சாலை எனப் பெயரிடப்பட்ட அப்பாதை சென்று சேர்ந்த மலைவெளிக்குப் படையினர் வைத்த பெயர் மதராஸ் சர்க்கஸ். இத்தாலிய மலையில் நம் தலைநகரின் பெயர் ஒரு பருவகாலம் வழங்கிற்று.

கசினோவுக்குத் தெற்கே உள்ள மிக்னானோவில் 1944 பிப்ரவரி 24ஆம் நாள், மதராஸ் சேப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் தம் குழுவினருடன் கண்ணிவெடி நிலத்தில் வழி திறந்துகொண்டிருந்தார். காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கத்தில் 1912இல் பிறந்தவர் அவர். அப்பணியின்போது ஒரு கண்ணிவெடி தூண்டப்பட்டது. அது வெடிக்குமுன் கிடைத்தது மிகச் சிறு பொழுது. விலகிப் பாய்ந்திருந்தால் அவர் தப்பியிருக்கலாம், உடனிருந்தோர் தப்பியிரார். அவர் வெடியின்மீது பாய்ந்து தம் உடலால் அதனை மூடினார். உயிர் நீத்தார், உடனிருந்தோரைக் காத்தார். அவருக்கு இறப்பிற்குப்பின் ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததையும், பேகன் மயிலுக்குப் போர்வை தந்ததையும் நம் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வர். சுபேதார் சுப்பிரமணியனின் பெயரைக் கேட்டால் எத்தனை வகுப்பறைகள் விடை கூறும்? கொடைமடத்தைப் போற்றிய மரபு, தன் உடலையே கொடுத்தவனைப் பாடநூலில் ஒரு பத்தியாகவேனும் வைத்திருக்க வேண்டாமா?

மேகத்துக்குள் ஒரு பாதை

விடுதலைக்குப் பின் நாட்டின் எல்லையில் நடந்த முதற்போரிலும் இப்படையின் மண்வெட்டியே முன்சென்றது. 1948இல் லடாக்கிற்குச் செல்லும் வாயிலான சோஜிலா கணவாய் எதிரிகளின் கையில் இருந்தது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 11,500 அடி உயரம் அது. செப்டம்பரில் காலாட்படை மேற்கொண்ட தாக்குதல்கள் வெற்றி பெறவில்லை. டாங்கிகளை அங்கு ஏற்றினாலன்றி வழி திறக்காது எனத் தளபதி திம்மய்யா முடிவு செய்தார். அவ்வளவு உயரத்தில் டாங்கி போரிட்டதாக அதற்குமுன் எவரும் கேட்டதில்லை.

பால்தலிலிருந்து கணவாய்க்கு ஏறியது கோவேறு கழுதைகள் செல்லும் ஒற்றையடிப் பாதை. அதனை டாங்கி செல்லத்தக்க வழியாக்கும் பொறுப்பு மதராஸ் சேப்பர்ஸிடம் வந்தது. அக்டோபர்க் குளிரில், பனிச்சரிவும் எதிரியின் சூடும் அச்சுறுத்த, பாறையைப் பிளந்தும் மண்ணைச் சரித்தும் அவர்கள் வழி அமைத்தனர். தஞ்சையின் வயல்வெளியிலும் வட ஆர்க்காட்டின் வெயிலிலும் வளர்ந்த உடம்புகள் உறைபனியில் சம்மட்டி வீசின. 1948 நவம்பர் 1ஆம் நாள், ஏழாம் குதிரைப்படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள் அவ்வழியே ஏறிக் கணவாயைத் திறந்தன. அம்மாத இறுதிக்குள் கார்கில் மீட்கப்பட்டு லே நகருடன் தொடர்பு ஏற்பட்டது. டாங்கி கணவாயை வென்றது என்று நூல்கள் கூறுகின்றன. டாங்கியைக் கணவாய்வரை கொண்டு சென்றது சம்மட்டி.

அதே ஆண்டு ஏப்ரலில் நௌஷேராவிலிருந்து ரஜௌரி செல்லும் வழியில், பம்பாய் சேப்பர்ஸின் இரண்டாம் லெப்டினன்ட் ராமா ரகோபா ராணே, கண்ணிவெடிகளையும் சாலைத்தடைகளையும் நாள்கணக்கில் அகற்றிப் பரம்வீர் சக்கரம் பெற்றார். சுடப்படும் வெளியில், நகரும் டாங்கியின் அடியில் தவழ்ந்தவாறே ஓட்டுநருக்குக் கயிற்றால் குறிகாட்டிச் சென்றவர் அவர்.

பசந்தர் ஆற்றங்கரை

1971 டிசம்பர் 15ஆம் நாள் இரவு, ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் காலாட்படை கடந்து அப்பால் நிலைகொண்டது. பின்தொடர வேண்டிய டாங்கிகளுக்கும் அவர்களுக்கும் நடுவே அகன்ற கண்ணிவெடி நிலம் கிடந்தது. அதில் வழி திறக்கும் பணியில் இருந்தது மதராஸ் சேப்பர்ஸின் ஒன்பதாம் பொறியியல் ரெஜிமெண்ட். பீரங்கிக் குண்டுகள் வீழ, சேப்பர்கள் வேலையை நிறுத்தவில்லை. எதிரியின் டாங்கிகள் திரள்வதாகச் செய்தி வந்தபோது வழி முழுமையாகத் திறக்கப்பட்டிருக்கவில்லை. திறந்த அளவிலேயே பூனா ஹார்ஸ் டாங்கிகள் நுழைந்து கடந்தன. மறுநாள் அங்கு நடந்த டாங்கிப் போரில் 21 வயது அருண் கேத்தர்பால் வீரமரணம் எய்திப் பரம்வீர் சக்கரம் பெற்றார். அவர் பெயர் நாடறிந்தது. ஒன்பதாம் பொறியியல் ரெஜிமெண்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி, கண்ணிவெடி நிலங்களில் வழி திறக்கும் பணியில் முன்னின்று உயிர்நீத்து மகாவீர் சக்கரம் பெற்றார். அவர் பெயரைப் போர்வரலாறு பயின்றோர் அறிவர். அவர்களுடன் இருளில் மண்ணைத் தடவிய தம்பிகளின் பெயர்களை அவரவர் ஊர்களே மறந்துவருகின்றன.

எழுதப்படாத நடுகற்கள்

இங்கே தமிழ்மரபின் மற்றொரு பக்கத்தை நினைவுகூர்தல் வேண்டும். இலக்கணம் மறந்ததைக் கல் மறக்கவில்லை. செங்கம் வட்டாரத்து நடுகற்கள் அரசனின் ஆட்சியாண்டோடு, ஊர்க்காவலில் இறந்த எளிய மறவன் பெயரையும் பொறித்து வைத்தன. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லோ ஒருபடி மேலே செல்கிறது. கருந்தேவக்கத்தி என்னும் வீரனுடன், கள்வரைக் கடித்து நின்ற அவன் நாய் கோவிவனும் அக்கல்லில் உருவமும் பெயரும் பெற்றுள்ளது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் காத்த சமூகம், நேற்று இறந்த மகனின் பெயரைக் காக்கவில்லை என்றால் அது கல்லின் குறையன்று.

பெங்களூர் பிரிகேட் சாலையில் மதராஸ் சேப்பர்ஸ் நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. படைப்பிரிவு தன்னளவில் தன் மாந்தரை நினைவுகொள்கிறது. நாம் செய்ய வேண்டியது வேறு. பட்டாளத்துக்காரர் வீடு எனப் பெயர் பெற்ற வீடுகள் நம் சிற்றூர்கள் எங்கும் உள்ளன. அவ்வீடுகளில் பழைய பணிப்புத்தகங்களும், மங்கிய புகைப்படங்களும், இறப்புச் செய்தி தாங்கி வந்த தந்திகளும் பெட்டியடியில் கிடக்கின்றன. அத்தந்திகளைப் பிறரிடம் படிக்கக் கொடுத்துக் கேட்ட பெண்கள் பலர் இன்று இல்லை. அவர்கள் மக்கள் முதுமை எய்திவிட்டனர். நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுக்கும் நம் ஆய்வு மாணவர்கள், இவ்வாய்மொழிகளையும் தொகுக்கத் தலைப்படல் வேண்டும். முனைவர் பட்டத்திற்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என வருந்துவோர்க்கு இதைவிடப் பயனுள்ள களம் வேறில்லை.

பத்தாண்டுகளை நிறைவு செய்யும் நம் இலக்கிய வட்டம் ஒவ்வோராண்டும் ஓர் ஊரைத் தெரிந்து, அவ்வூர்ப் படைவீரரின் பெயர், பணியாற்றிய களம், குடும்பத்தார் சொல்லும் செய்தி ஆகியவற்றைப் பதிவு செய்யும் சிறுபணியை மேற்கொள்ளலாம். காளையார்கோயில் காட்டில் கோடரி பிடித்தவரின் துயரமும், மிக்னானோவில் உடலை ஈந்தவரின் பெருமையும் அப்பதிவில் ஒருங்கே இடம்பெறல் வேண்டும். ஒன்றை விடுத்து மற்றொன்றை எழுதினால் இருவருக்கும் நேர்மை செய்தவராக மாட்டோம். அடுத்த ஆண்டுக்கான முதல் ஊராகக் கீழ்ஒட்டிவாக்கத்தைக் கொள்ளலாம் என்பது என் வேண்டுகோள்.